உள்ளே போ... வெளியே வா!

கால்பந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு நேரக்கூடிய பெரிய அவமானம் எது என்று நம்ம ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் சிவப்பு அட்டை என்பான். இன்னொருத்தன் சேம் சைடு கோல் என்பான். என்னைக் கேட்டால், சப்ஸ்டிட்யூட்டாக உள்ளே போனவரையே ஆட்டம் முடிவதற்குள் வெளியே கூப்பிடுவதுதான். பதினோரு பேரில் ஒருவரை எடுத்தால் 'களைச்சுப் போயிட்டார்' என்று சமாதானம் சொல்லலாம். பாதியில் வந்தவருக்கு என்ன களைப்பு?

கேலம் ஹட்சன்-ஓடோய்க்கு அதுதான் நடந்தது. 2021 பிப்ரவரி 20, இங்கிலாந்து பிரீமியர் லீக், சவுத்தாம்ப்டன் மைதானம். கொரோனா காலம், கேலரி காலி. முதல் பாதியில் மினாமினோ போட்ட கோலால் செல்சி பின்தங்கியிருந்தது. இடைவேளையில் டாமி ஆபிரகாமை உட்கார வைத்துவிட்டு, 20 வயது ஹட்சன்-ஓடோயை இறக்கினார் கோச் தாமஸ் டூகெல். (மேனேஜர் என்று அங்கே சொல்வது நம்ம ஊர் கோச்சைத்தான்.) மேசன் மவுண்ட் பெனால்டியில் ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கினார். 76-வது நிமிடம் பலகை தூக்கினார்கள். ஹட்சன்-ஓடோய் வெளியே, ஜியெச் உள்ளே! அடி பட்டதா? இல்லை. ஆடியது மொத்தம் 31 நிமிடம்.

ஆட்டம் 1-1 என்றே முடிந்தது. அதன் பிறகு டூகெல் ஒளிவுமறைவு இல்லாமல் காரணம் சொன்னார். பையனின் மனப்போக்கும் வேகமும் தனக்குத் திருப்தி இல்லையாம். பந்து பறிபோன அடுத்த நொடியே துரத்திப் பிடுங்க வேண்டும், அதில் கூர்மை போதவில்லையாம். கடினமான முடிவுதான், ஆனால் நாளைக்கே மறந்துவிடுவேன், அடுத்த மேட்சில் முதல் பதினொன்றிலும் வரலாம் என்றார்.

உடனே ரெண்டு கட்சி கிளம்பிவிட்டது. கோச் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று ஒரு கட்சி. இளம் பையனின் தன்னம்பிக்கையை உடைத்துவிட்டார் என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டிலும் சேரமாட்டேன். வெளியே எடுத்தது சரி. மைக்கில் சொன்னது தப்பு.

எடுத்தது ஏன் சரி? சப்ஸ்டிட்யூட் என்ற ஏற்பாடே இங்கிலாந்து லீகில் 1965-ல்தான் வந்தது. அதுவும் அடிபட்டவருக்கு மட்டும். இரண்டு வருஷம் கழித்துத்தான் எந்தக் காரணத்துக்கும் ஆளை மாற்றலாம் என்றார்கள். அன்றிலிருந்து அது கோச்சின் உரிமை. ஹட்சன்-ஓடோய் விவகாரம் நடந்த சீசனில் பிரீமியர் லீகில் மொத்தமே மூன்று மாற்றம்தான். அந்த மூன்றில் இரண்டை ஒரே இடத்துக்காகச் செலவழித்தார் டூகெல். விளையாட்டுக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கையை விட்டுப் போகிறது. பெஞ்சில் இதைவிடச் சரியான ஆள் இருக்கிறார் என்று பட்டால் இறக்கத்தான் வேண்டும். வயசு பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் அந்தப் பேச்சு? நம்ம ஒர்க் ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தில் நிற்கிற பையன் ஜாப்பைக் கெடுக்கிறான் என்றால், "தள்ளுடா" என்று நகர்த்திவிட்டு வேறொருவனை நிறுத்த இன்ஸ்ட்ரக்டருக்கு முழு உரிமை உண்டு. அதற்காக 'இவனுக்கு அக்கறை கிடையாது' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா? பாஸ் சரியில்லை, ஓட்டம் போதாது என்றால் பயிற்சியில் திருத்திக்கொள்ளலாம். மனப்போக்கு சரியில்லை என்று ஊரறியச் சொன்னால் எந்த கிரவுண்டில் போய்த் திருத்துவது?

இன்னொன்றும் உண்டு. டூகெல் செல்சிக்கு வந்தது ஜனவரி 26. ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது கோச், பெரிய நட்சத்திரங்கள் நிறைந்த டீம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது, அதற்கு இருபது வயசுக்காரர் மாட்டினார் என்றே எனக்குப் படுகிறது. இளைச்சவன் தலையில் மிளகாய் அரைக்கிற கதை!

அந்த இளைச்சவர் சாமானியரும் அல்ல. 2017 அக்டோபர் 28-ல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்ததே, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி... ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து 5-2 என்று ஜெயித்ததே, அந்த டீமில் ஆடியவர்! 18 வயதில் இங்கிலாந்து சீனியர் டீமுக்கே ஆடிவிட்டார். 2019 ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் படுத்து எழுந்து வந்தவர். விங்கர் ஆன அவரை, டூகெல் தன் முதல் மேட்சிலேயே தற்காப்பும் பார்க்கிற விங்-பேக்காக நிறுத்தினார். பழக்கமில்லாத வேலையைக் கொடுத்துவிட்டு மனப்போக்கை மட்டும் அளந்தால் எப்படி?

டூகெலுக்குச் சேர வேண்டிய மார்க்கையும் போட்டுவிட வேண்டும். மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 23, சாம்பியன்ஸ் லீகில் அட்லெடிகோ மாட்ரிட்டுடன் ஆட்டம். பயணக் கட்டுப்பாடுகளால் புகாரெஸ்டில் வைத்தார்கள். முதல் பதினொன்றில் ஹட்சன்-ஓடோய் இருந்தார்! ஜிரூவின் அந்தரத்துக் கோலில் செல்சி 1-0 என்று ஜெயித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷன். தண்டித்துவிட்டு மறந்தே போகிற வாத்தியார்கள் எத்தனை பேர்!

ஆனாலும் நிலையான இடம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. அதே வருஷம் மே 29-ல் செல்சி சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய இறுதி ஆட்டத்தில் அவர் பெஞ்சிலேயே இருந்தார். அந்த 31 நிமிடம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். காயங்களும் உண்டு, போட்டியும் அதிகம். 2022-ல் கடனாக லெவர்குசனுக்கு அனுப்பினார்கள். 2023-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கே போய்விட்டார்.

2024 செப்டம்பர் 14. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்ட் 1-0 என்று ஜெயித்தது. அங்கே அவர்கள் லீக் ஆட்டம் ஜெயித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, கடைசியாக 1969-ல். கோல் போட்டவர் ஹட்சன்-ஓடோய். அன்றைக்கும் சப்ஸ்டிட்யூட்டாகத்தான் இறங்கியிருந்தார்.