மார்க் போடுகிறவன் நாக்கு

சமையல் போட்டிகளுக்கு என்னையும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள். நட்சத்திர ஓட்டல், வெள்ளைத் துணி விரித்த மேசை, மதிப்பெண் தாளில் ருசி, மணம், அழகு, சுத்தம் என்று கட்டங்கள். 'பாரம்பரியச் சமையல்' என்பார்கள்; சேரியின் ஒரு தட்டுகூட அந்த மேசைக்கு வந்ததில்லை. மாட்டுக்கறி விதியிலேயே கிடையாது. கேட்டால், "எல்லாரும் சாப்பிடுறதா இருக்கணும்ல சார்" என்கிறார்கள். யாருய்யா அந்த எல்லாரும்?

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு. தோல் பதனிடும் அந்த ஊரில் தலித்துகளும் முஸ்லிம்களும் தின்னும் மாட்டுப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். நல்ல மழை! ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது.

1994இல் லண்டனில் திறந்த செயின்ட் ஜான் உணவகம் எலும்பு மஜ்ஜையை வறுத்து வைத்தால் இந்த மேசைக்காரர்களுக்கு அது கலை. எங்க ஆயா நல்லி எலும்பை உறிஞ்சினால் அசிங்கம். கொடலைச் சுண்ணாம்பு தடவிச் சுரண்டி ஏழு தண்ணியில் அலசுவாள் அவள். சுத்தத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

உப்புக்கண்டத்துக்கு இடமில்லாத மேசைக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.