பேசாதவன் திருடனா?

குட்டீஸ்! 'ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்' விளையாடாதவர் உங்களில் யாராவது உண்டா? ஐந்து துண்டுக் காகிதமும் ஒரு பேனாவும் போதும். சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். போலீஸ் சீட்டு வந்தவர், மற்றவர் முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். மழை நாளில் இதைவிட நல்ல விளையாட்டு ஏது!

ஜவ்வாது மலைக்குப் போயிருந்தபோது, ஜமுனாமரத்தூர் பக்கம் நல்ல மழையில் மாட்டிக்கொண்டேன். ஒரு மாணவர் விடுதித் திண்ணையில் ஒதுங்கினேன். அங்கே ஏழு பிள்ளைகள் இதே விளையாட்டைக் கொஞ்சம் மாற்றி ஆடிக்கொண்டிருந்தனர். பெரிய வகுப்பு அக்கா ஒருவர் ஆட்டத்தை நடத்தினார்.

ஏழு சீட்டில் இரண்டில் 'திருடன்'; ஐந்தில் 'ஊரார்'. எல்லாரும் கண்ணை மூட வேண்டும். திருடர் இருவர் மட்டும் கண் திறந்து, தன் கூட்டாளி யார் என்று பார்த்துக்கொள்வர். பிறகு எல்லாரும் பேசி, கை தூக்கி வாக்களித்து, ஒருவரை வெளியேற்ற வேண்டும். இரு திருடரும் பிடிபட்டால் ஊருக்கு வெற்றி. ஊராரும் திருடரும் சம எண்ணிக்கை ஆகிவிட்டால் திருடருக்கு வெற்றி!

முதல் சுற்று. "இவன் பேசவே இல்லை! இவன்தான் திருடன்!" என்று ஒருவன் கை நீட்டினான். மலைக்குள் இருக்கும் சிற்றூரிலிருந்து புதிதாக விடுதிக்கு வந்த சிறுவனைத்தான் காட்டினான். மளமளவென்று ஐந்து கைகள் உயர்ந்தன. சீட்டைப் பிரித்தால், 'ஊரார்'!

அந்தச் சிறுவனின் கண் கலங்கிவிட்டது. "நான் எப்பவுமே இப்படித்தான்க்கா இருப்பேன்" என்றான் மெதுவாக. முதலில் கை நீட்டியவனோ சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், அவன்தான் திருடன்!

இந்த மாதிரி விளையாட்டுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. 1980களில் மாஸ்கோவில், டிமிட்ரி டேவிடாஃப் என்ற உளவியல் மாணவர் 'மாஃபியா' என்ற பெயரில் இதை உருவாக்கினார். 2018ல் வெளிவந்த 'அமாங் அஸ்' செல்போன் விளையாட்டும் இதன் வாரிசுதான். சிலர், 'இது பொய் சொல்லப் பழக்கும் விளையாட்டு. பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்கின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியாது.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? நீங்கள் ஊரார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிர ஆறு பேர். அதில் இருவர் திருடர். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினால், மூன்றில் ஒரு பங்குதான் சரியாக இருக்க வாய்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு, அப்பாவிதான் மாட்டுவார்.

இன்னொன்று. திருடர் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். ஊராருக்கு யாரையும் தெரியாது. ஊரார் ஐவரும் ஆளுக்கொரு பக்கம் வாக்களித்தால், திருடரின் இரண்டு வாக்கு சேர்ந்தே முடிவைத் தீர்மானித்துவிடும். எனவே, 'யோசிக்காதே, சீக்கிரம் கை தூக்கு' என்று அவசரப்படுத்துவது யாருக்கு லாபம்? திருடருக்குத்தான்! 'எனக்கு வம்பு வேண்டாம்' என்று வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் லாபம் அவர்களுக்கே.

அப்படியானால் எப்படித்தான் வாக்களிப்பது? கை தூக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அவன் செய்ததை, திருடனாக இல்லாத ஒருவன் செய்யமாட்டானா?' அந்தச் சிறுவன் ஊராராக இருந்தாலும் பேசமாட்டான். திருடனாக இருந்தாலும் பேசமாட்டான். அப்படியென்றால் அவன் மௌனம் தடயமே இல்லை. ஆனால், எப்போதும் வாயாடும் தோழி திடீரென்று அமைதியானால்? அது கவனிக்க வேண்டிய விஷயம். சுற்று முடிந்ததும், யார் யாருக்கு வாக்களித்தார், என்ன காரணம் சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் தடயம்தான்.

புதுத் தகவல் வந்தால், முடிவை மாற்றிக்கொள்ள வெட்கப்படவே கூடாது. இதற்கு அதே ஜவ்வாது மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: காவலூர் வானாய்வு நிலையம்! 1977 மார்ச் 10ல் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தது. அப்போது நட்சத்திரத்தின் ஒளி சட்டென மங்கி மீண்டதை, காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தனர். யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று கருதினர். அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் பார்த்திருந்தனர். எல்லாருடைய பதிவுகளையும் ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. மறைத்தது துணைக்கோள் அல்ல. யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம்!

விளையாட்டில் தப்பாக வாக்களித்தால் அடுத்த ஆட்டத்தில் சரி செய்துகொள்ளலாம். வாழ்க்கையில் அப்படி முடியுமா? ஆங்கிலேயர் 1871ல் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' கொண்டு வந்தனர். சில சமூகங்களில் பிறந்தவர் எல்லாரையும் பிறவித் திருடர் என்றே முத்திரை குத்தியது அந்தச் சட்டம். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. என்ன தடயம்? ஒன்றுமில்லை. பிறந்த வீடுதான் குற்றம்! சுதந்திரத்துக்குப் பிறகு, 1952ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போகட்டும். எல்லார் கண்ணும் முதலில் யார் பக்கம் திரும்புகிறது? கிழிந்த சட்டை போட்டவன் பக்கமா? புதிதாகச் சேர்ந்தவள் பக்கமா? அப்போது, "உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று கேட்க ஒரே ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டால், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, விடுதித் திண்ணையில் பிறகு என்ன நடந்தது? அக்கா புது விதி போட்டார். "காரணம் சொல்லாமல் யாரும் கை தூக்கக் கூடாது. 'பேசவில்லை' என்பது காரணம் ஆகாது." அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் அக்கறையாக விசாரித்தனர். ஒரு திருடன் மாட்டிக்கொண்டான். இன்னொருவனை மட்டும் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. திருடர் பக்கமே வெற்றி!

தப்பித்த திருடன் யார் தெரியுமா? அதே பேசாத சிறுவன்தான்! சீட்டைக் காட்டிவிட்டு, அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். "இவன் பாவம், இவனாக இருக்காது என்று நினைத்தோமே!" என்று மற்றவர் தலையில் கை வைத்துக்கொண்டனர்.

பார்த்தீர்களா? 'பேசாதவன் திருடன்' என்பது போலவே, 'பேசாதவன் நல்லவன்' என்பதும் காரணம் இல்லாத முடிவுதானே, குட்டீஸ்!