கடலைப் பொட்டலத்தில் கடன் விண்ணப்பம்

சாயங்காலம் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், யாரோ ஒருவரின் கடன் விண்ணப்பம். பெயர், அப்பா பெயர், சம்பளம், பான் எண், மங்கலாக ஒரு போட்டோ. கடலைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட அலுவலகத்துக்கே அது வெறும் காகிதம்தான்.

தகவல் திருட்டு என்றதும் நம் நிறுவனங்களுக்கு எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் ஞாபகம் வருகிறார். அவரும் உண்டு, 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் விவரத்தைக் கையால் எழுதினார்கள். ஆனால் அன்றாடக் கசிவு நம் கவுன்ட்டரிலேயே நடக்கிறது. ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் காதில் விழ, "என்ன பிரச்சினை? போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஊழியர் தன் சொந்த செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவர் வேலையை விட்டுப் போகும்போது படமும் கூடவே போகிறது. ஆறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. அதுவும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. தனிநபர் தகவலைக் காக்கும் சட்டம் வர 2023 ஆனது, அதன் விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அதற்கு மேலும் நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதில் ஒரு ரூபாய்கூடப் பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது, அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும். கணினியில் ஏறும் தகவலுக்கு மட்டுமே இந்தச் சட்டம். வாசலில் பெயர் எழுதச் சொல்லி வாட்ச்மேன் நீட்டும் நோட்டு அதற்கு வெளியே. நமக்கு முன்னால் வந்த பெண்ணின் பெயரும் செல்போன் எண்ணும் அதில் பளிச்சென்று தெரிகின்றன.

அவகாசம் முடிவதற்குள் ஆலோசகரை வைத்து ஒரு தடித்த கொள்கை ஆவணம் தயாராகிவிடும். ஊழியர்கள் கையெழுத்துப் போடுவார்கள், படிக்க மாட்டார்கள். "பிறந்த தேதி நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்கும் கடைநிலை ஊழியரை முறைக்காத மேலாளர்தான் இப்போது தேவை. ரிப்போர்ட்டை வேறு எண்ணுக்கு அனுப்பிவிட்டேன் என்று பதறி ஓடிவருபவருக்கு மெமோ கொடுத்துப் பாருங்கள், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. வாசகர்களே, அடுத்த முறை நகல் கேட்டால் அதை நீட்டுங்கள். எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள்.