துருவுக்கும் ஒரு கணக்கு இருக்கு

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். சாப்பிட்ட கையோடு ஊருக்குக் கிளம்புவதுதான் திட்டம். மல்லிகை வெச்சிருக்கிறவனுக்கு வெளியூர் தங்கல் ஒத்துவராது. ஒரு நாள் எடுக்காமல் விட்டால் மொட்டு மலர்ந்துவிடும், மலர்ந்த பூவுக்கு மார்க்கெட்டில் விலை கிடையாது. ஆனால் அக்கா மகன் விடவில்லை. "ராத்திரி பஸ்தானே மாமா? அதுவரைக்கும் மண்டபத்துல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றான்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரியில் உட்கார்ந்து குட்டிக் குட்டி விமானம், டாங்கி எல்லாம் ஒட்டிப் பெயிண்ட் அடிப்பான். அக்காவுக்கு அதில் பெரிய குறை. "முப்பது வயசாச்சு, இன்னும் பொம்மை வெச்சு விளையாடிக்கிட்டு இருக்கான்" என்று என்னிடமே பலதடவை சொல்லியிருக்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான், வெளியே சொன்னதில்லை.

அவன் கூட்டிப்போனது இந்த மாதிரி மாடல் செய்கிறவர்கள் ஒன்றுகூடி, செய்ததை மேசையில் பரப்பிவைத்துக் காட்டுகிற ஒரு கூடம். உள்ளே போனால் ஒரே அமைதி. எல்லாரும் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். விதை நேர்த்தி பார்க்கிறவன் குனிவது மாதிரி.

முதலில் அளவுக் கணக்கை மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தான். 1-க்கு 35 என்றால், நிஜத்தில் 35 அடி இருப்பது இங்கே 1 அடி. ராணுவ வண்டிகளுக்கு அந்த அளவு அதிகம் புழங்குகிறது. அதில் என்னைச் செய்தால் 5 சென்டிமீட்டர்கூட வரமாட்டேன். விமானங்களுக்கு 1-க்கு 72. அதில் நான் உளுந்தங்கதிர் உயரம்கூட இல்லை, இரண்டரை சென்டிமீட்டருக்கும் கீழே. இன்னொரு பக்கம் 28 மில்லிமீட்டர் உயரத்தில் வீரர்கள், மந்திரவாதிகள், பூதங்கள். அவ்வளவு சின்ன முகத்தில் கண்ணுக்கு வெள்ளை, நடுவில் கருவிழி, உதட்டுக்குக் கீழே நிழல்கூட வைத்திருக்கிறார்கள். நிழலை ஏன் பெயிண்டில் அடிக்கணும், வெளிச்சம் பட்டால் தானாக விழுமே என்று கேட்டேன். பொருள் சின்னதாகிவிட்டால் விழுகிற நிழலும் சின்னதாகி, கண்ணுக்கு உறைக்காதாம். அதனால் மேட்டில் வெளுப்பும் பள்ளத்தில் கருப்பும் கொஞ்சம் கூட்டியே வைக்கணுமாம்.

டாங்கிகளுக்கு நடுவில், ஒரு மேசையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டிராக்டர். எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன். ஃபெர்குசன் டிராக்டர். அப்போது மாப்பிள்ளை ஒரு சேதி சொன்னான். பிளாஸ்டிக் மாடலுக்குப் பேர்போன பிரிட்டிஷ் கம்பெனி ஏர்ஃபிக்ஸ். அவர்கள் 1949-ல் முதல்முதலாகச் செய்த மாடல், ஃபெர்குசன் டிராக்டர். போர்விமானமெல்லாம் அப்புறம் வந்ததுதான். டிராக்டர் விற்கப்போகிற ஆட்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காக அந்தக் கம்பெனி கேட்டுச் செய்யவைத்ததாம். பிறகு அதே ஃபெர்குசன் 1953-ல் மேஸி ஹாரிஸோடு சேர்ந்தது. அப்படி வந்த பேர்தான் நம்ம ஊரில் 'மேஸி' என்று கூப்பிடுகிற மேஸி ஃபெர்குசன். எங்க தெருவில் இரண்டு நிற்கிறது. டாங்கியாய் நிறைந்து கிடக்கிற இந்தக் கூடத்துக்கு ஒரு உழவு வண்டியும் பாட்டன்முறை என்று தெரிந்ததும், எனக்கு அங்கே நிற்க ஒரு உரிமை வந்த மாதிரி இருந்தது.

அடுத்த மேசையில்தான் என்னை உலுக்கினது. இரண்டாம் உலகப்போர் காலத்துப் பர்மா ரோடு ஒன்றை ஒருத்தர் செய்துவைத்திருந்தார். சேற்றில் ஒரு லாரி, அதற்கு வழிவிட்டு ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி. லாரியில் புது இடம் என்று ஒன்றுமே இல்லை. கதவு விளிம்பில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, மட்கார்டுக்குக் கீழே காய்ந்த சேறு, ஆணிக்கு அடியிலிருந்து துரு ஒழுகிய கோடு.

"புது வண்டியை ஏன் தம்பி இப்படிப் பழசாக்குறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அதுதான் சார் பாதி வேலையே. பளபளன்னு விட்டா பொம்மை மாதிரித்தான் தெரியும்." செய்கிற விதத்தையும் விளக்கினார். முதலில் துரு நிறம் அடித்து, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஹேர் ஸ்ப்ரே. அது காய்ந்தபின் வண்டியின் பச்சை நிறம். பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் அடியில் இருக்கிற ஸ்ப்ரே கரைந்து, மேலே இருக்கிற பச்சை அங்கங்கே உரிந்து துரு தெரியும். கருப்பைத் தண்ணியாகக் கரைத்து விட்டால் இடுக்கில் போய்த் தங்கும். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு மேடான இடத்தில் லேசாக இழுத்தால் தேய்ந்த இரும்பு மாதிரி மின்னும்.

"ஆனா கண்ட இடத்துல உரிச்சிடக் கூடாது சார். கை எங்க படும், பூட்ஸ் எங்க மிதிக்கும், மழைத்தண்ணி எங்க தேங்கும்னு யோசிச்சு அங்க மட்டும்தான் வைக்கணும்" என்றார்.

அந்தக் கணக்கு எனக்குப் புதுசு இல்லை. என் மம்பட்டிக் காம்பில் வலதுகை பிடிக்கிற இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். டிராக்டரில் கிளட்ச் பெடல் வெளுத்திருக்கும். மோட்டார் ரூம் கதவில் கொண்டியைச் சுற்றி மட்டும் பெயிண்ட் போயிருக்கும். தினமும் பார்க்கிறேன், ஆனால் அதையெல்லாம் 'பார்க்கவேண்டிய விஷயம்' என்று நினைத்ததே இல்லை.

தைரியம் வந்து, அவருடைய மாட்டுவண்டியைப் பற்றி ஒன்று சொன்னேன். "தம்பி, சக்கரத்துல குடத்தைச் சுத்திக் கறுப்பா வழிஞ்சிருக்கணும். எங்க ஊர் வண்டிக்கெல்லாம் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு மசகு போடுவாங்க. ஓட ஓட அது கடையாணி வழியா வெளிய கசியும். புழுதி ஒட்டிக் கெட்டியாயிடும்." அவர் உடனே போனை எடுத்து எழுதிக்கொண்டார். ஆரக்கால் எத்தனை, இரும்புப் பட்டா எந்த அளவுக்குத் தேயும் என்று இன்னும் நாலு கேள்வி கேட்டார். நாற்பத்தாறு வயசில், எனக்குத் தெரிந்த ஒன்றை ஒரு பட்டணத்து ஆள் குறிப்பெடுத்தது அதுதான் முதல் தடவை.

ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. எங்களுக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்கே வீட்டு வாசல்களில் காயப்போட்டிருக்கிற 'கிராமத்து செட்டு' எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூரை வீடு, ராட்டினக் கிணறு, உலக்கை குத்துகிற பெண்கள், ஏர் பூட்டிய உழவன். எல்லாம் அப்போதுதான் அடித்த பெயிண்ட். உழவன் வேட்டி வெள்ளைவெளேர் என்று இருக்கும். காலில் சேறு இருக்காது.

விளாச்சேரிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் கேட்கிற விலைக்கு, அச்சில் எடுத்து, நூற்றுக்கணக்கில் செய்கிறவர்கள் அவர்கள். ஒரு லாரிக்கு மூன்று மாசம் உட்கார அவர்களால் முடியாது. என் குறை வாங்குகிற பக்கம்தான். பட்டணத்துக்கு வேண்டியது அந்தச் சேறில்லாத உழவன். சினிமாவில், விளம்பரத்தில், 'கிராமத்து விருந்து' என்று போர்டு வைத்த ஓட்டலில் எல்லாம் நிற்பது அதே செட்டுதான். அது தப்பான கிராமம் என்றுகூடச் சொல்லமாட்டேன். யாரும் புழங்காத கிராமம். கை பட்ட தடம் இல்லை, தேய்மானம் இல்லை. தேய்மானம் இல்லாத இடத்தில் செலவும் இருக்காது, கடனும் இருக்காது. அதைப் பார்த்துப் பழகினவர்தான் நேரில் வந்து "என்ன சார், கிராமம்னு சொன்னீங்க, டிஷ் ஆன்டெனா எல்லாம் இருக்கு" என்று ஏமாந்துபோகிறார்.

இதே குற்றம் என்மேலும் இருக்கிறது. ஊருக்கு வந்து நானும் ஒன்று செய்துபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்க கிணற்றில் அப்பா காலத்தில் ஓடின கமலை. பார்க்காத இளவட்டங்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மாடு கிணற்றடியிலிருந்து சரிவில் இறங்கும். வடம் உருளைமேல் ஓடி, கிணற்றுக்குள்ளிருந்து கூனையைத் தூக்கும். கூனைக்கு அடியில் தோல் வால் ஒன்று தொங்கும். அதன் வாயை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வால் தொட்டியில் விழுந்து தண்ணியைக் கொட்டும். பிறகு மாடு பின்னாலேயே நடந்து மேடேறும். ஓட்டுகிறவர் இறக்கத்தில் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார்.

இவ்வளவு தெரிகிறது அல்லவா? பென்சிலை எடுத்தால் ஒரு அளவு தெரியவில்லை. சரிவு எவ்வளவு நீளம்? கால் இரண்டுக்கும் நடுவில் எத்தனை அடி? அப்பா கரண்ட் மோட்டார் வைத்தபிறகு மரமெல்லாம் விறகாகிவிட்டது. ஒரு போட்டோ இல்லை. அப்பாவும் இல்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு மகளோடு கிணற்றடிக்குப் போனேன். கமலைக்கால் நட்ட குழி இரண்டும் கல்லில் அப்படியே இருந்தது. தொட்டிக் கல்லில் தண்ணி விழுந்து விழுந்து வழவழப்பான இடம், வால் எங்கே விழுந்தது என்று காட்டியது. தேய்ந்த இடங்கள்தான் எங்களுக்கு வரைபடம். சரிவு மட்டும் மண்மூடிப் போயிருந்தது. அதற்குப் பெரியப்பாவிடம் போனேன். 84 வயசு. காது சரியாகக் கேட்காது. "கமலைத் தடம் எவ்வளவு பெரியப்பா?" என்று கத்தினதும் யோசிக்கவே இல்லை. "28 முழம். தண்ணி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் மாடு நடக்கணும்ல? வடம் அதுக்கு மேல நாலு முழம்." முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் 42 அடி. என் மாடலில் சுமார் 36 சென்டிமீட்டர். அந்த ஒரு எண் இந்த உலகத்தில் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நான் சென்னைக்குப் போகாமல் இருந்திருந்தால் அது அவரோடேயே போயிருக்கும்.

கண்மாய்க் கரம்பையில் செய்த முதல் சரிவு காய்ந்து வெடித்துவிட்டது. உமி கலக்கச் சொன்னதும் பெரியப்பாதான். ஊதுபத்திக் குச்சி, ஐஸ் குச்சி, சணல் நூல். கூனைக்குத் துரு நிறம் கடையில் வாங்கவில்லை, பழைய கொழுவில் சுரண்டிய நிஜத் துருவைக் குழைத்துப் பூசினோம். மாடு இரண்டும் இன்னும் பன்றி மாதிரித்தான் இருக்கிறது. மகள் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு. மற்ற பங்கெல்லாம் விலைபேசி ஆகிவிட்டது, பிளாட் போடப்போகிறார்கள். வாங்குகிற வசதி எனக்கு இல்லை. மாடல் செய்தால் கிணறு தப்பிக்குமா என்று கேட்டால், தப்பிக்காது. ஆனால் ஒன்று நடந்தது. இந்த விவகாரத்தால் ஒரு வருசமாக என்னோடு பேசாத சித்தப்பா மகன், பெரியப்பாவைப் பார்க்க வந்த இடத்தில் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு, "படிக்கட்டு இந்தப் பக்கம் இல்லண்ணே, கிழக்கால. நாம குதிக்கிற கல்லு அங்கதான இருந்துச்சு" என்றான். அவன் சொன்னதுதான் சரி. பிரித்து மாற்றி வைத்தேன்.

அக்காவுக்கு போன் போட்டு, மாப்பிள்ளையைத் திட்டாதே என்று சொல்லிவிட்டேன். பொம்மை செய்கிறவன் ஒரு பொருளை எத்தனை நாள் பார்க்கிறான் என்று எனக்கு இப்போது தெரியும்.

இதைப் படிக்கிற பட்டணத்து உறவுகளுக்கு இரண்டு வேண்டுகோள். வருகிற நவராத்திரிக்குக் கொலுவில் கிராமம் வைக்கிறவர்கள், அதில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு மோட்டார் ரூம், பள்ளிக்கூடத்து இலவச சைக்கிளில் போகிற ஒரு பெண்பிள்ளை சேர்த்துவையுங்கள். உழவன் காலில் கொஞ்சம் சேறு பூசுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கும், பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஊரில் உங்க வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அடுத்த தடவை டேப்போடு போங்கள். ஆட்டுக்கல்லோ, குதிரோ, வண்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. அளவை எழுதி, தேய்ந்த இடத்தைக் குறித்து, யார் கை தேய்த்தது என்று கேட்டுவையுங்கள். உங்க ஊர்ப்பக்கம் கமலைக்கு எத்தனை முழம் என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். பெரியப்பாவிடம் சொல்லணும். 28-க்குக் குறைவாக இருந்தால் ரொம்பச் சந்தோசப்படுவார்.