ஏஜென்ட் வீட்டுத் திண்ணையை நம்பியே விமானம் ஏறுவதா?

கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடிப் பக்கத்தில் வேலைக்கு ஊரைவிட்டுப் போவது புதிதல்ல. வெலிங்டன் ஏரி நிரம்பும் ஆண்டில் சுமார் 24,000 ஏக்கர் பாசனம் பெறும். நிரம்பாவிட்டால் கூலி வேலையும் இல்லை. பக்கத்து விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலும் பழையபடி கைகொடுக்கும் தொழிலாக இல்லை. வீட்டுக்கு வீடு பீங்கான் ஃபியூஸ் கேரியர் மாட்டிய காலம் போய்விட்டது. ஓடுகளிலோ குஜராத்தின் மோர்பி எங்கோ முந்திவிட்டது. இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். நகையை அடகு வைக்க முடிந்தவர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள்.

அந்த அடகுதான் நமது கவலை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்கிறது விதி. ஆனால் கிராமத்துக்கு வருபவர் சப்-ஏஜென்ட். அவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை, கேட்கும் தொகையோ லட்சத்தைத் தாண்டுகிறது. விசிட் விசாவில் அனுப்பிவிட்டால் குடியேற்ற அனுமதியும் தேவையில்லை என்று அவர் ஆசை காட்டுகிறார். பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்கு அந்த அனுமதியோடு வரவேண்டியது 10 லட்சம் ரூபாய் காப்பீடு. விசிட் விசாவில் அதுவும் போகிறது. பதிவில்லாமல் ஆள் சேர்ப்பவருக்கு 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வைத்திருப்பது அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். ஒரே ஆளிடம் அதைப் போல் ஐம்பது மடங்கு வசூலிப்பவர் இதற்கா அஞ்சுவார்?

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் குடியிருப்பில் பிடித்த தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தனர். எழுவர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள்; கடலூர் மாவட்டத்திலும் ஒரு வீட்டுக்குச் சவப்பெட்டி வந்தது. நிவாரணம் உடனே அறிவிக்கப்பட்டது, அது சரியே. ஆனால் போகும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் உண்டு: எந்தக் கம்பெனி, எத்தனை பேர் ஓர் அறையில், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எங்கே?

அவற்றைக் கேட்க ஆள் வேண்டும். 1978 முதல் தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. இரண்டுமே சென்னையில். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி அங்கே போய் விசாரிக்க யாரால் முடியும்? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டைத்தான் நம்புவார்கள்.

திட்டக்குடி, விருத்தாசலம் தாலுகா அலுவலகங்களில் வாரம் இரண்டு நாளாவது ஒரு மேசை போடுங்கள். முகவரின் பதிவு எண்ணையும் விசா வகையையும் அங்கேயே சரிபார்த்துச் சொல்லட்டும். பயணச் செலவுக்குக் கூட்டுறவு வங்கிக் கடனும் அங்கேயே கிடைக்கட்டும். சப்-ஏஜென்ட்மீது புகார் வந்தால், மாவட்டக் காவல் துறை வழக்குப் பதிய ஏழு நாள் கெடு வைக்க வேண்டும்.