எந்த மரத்தின் கீழ்?

தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு போதனை தவறாமல் ஒலிக்கும்: பொய்ப்பழி வந்தால் வாய் திறவாதே, பிலாத்துவின் முன் ஆண்டவர் மௌனமாய் நின்றாரன்றோ! நாகலூரில் ஒரு வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வெளியே நின்றபோதும் இதையே கேட்டேன். மிளகு மூட்டை ஒன்று குறைந்ததென்று திருட்டுப் பட்டம் சூட்டப்பட்ட தோட்டத் தொழிலாளி ஒருத்திக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. மூட்டைகளை எண்ணியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொன்னவர் நல்லவர், செபமாலையைக் கைவிடாதவர். ஆயினும் அவர் சொன்னது நற்செய்தியன்று என்பேன்.

ஆண்டவர் முற்றிலும் மௌனம் காத்தார் என்பதே அரைகுறை வாசிப்பு. வேடிக்கை காண விரும்பிய ஏரோதுக்கு அவர் மறுமொழி தரவில்லை; உண்மைதான். ஆனால் தலைமைக் குருவின் முன் காவலன் அறைந்தபோது, நான் தவறாய்ப் பேசியிருந்தால் அதை மெய்ப்பித்துக் காட்டு என்று நியாயம் கேட்டவரும் அவரே. பவுலடியாரோ சீசர் வரை மேல்முறையீடு செய்தார்.

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். சூசன்னாவைக் குற்றஞ்சாட்டியவர்களே நீதிபதிகள், அவர்களே சாட்சிகள். முதியோர் சொன்னதாயிற்றே என்று சபை நம்பிவிட்டது. கொடியவர்கள் கூடிய சபையன்று அது, நம்மைப் போன்றவர்கள்தாம். சூசன்னா உரத்த குரலில் இறைவனிடம் முறையிட்டாள். கூட்டத்தைத் தடுத்து நிறுத்திய இளைஞன் தானியேல் அற்புதம் எதுவும் நிகழ்த்தவில்லை. இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று கேட்டான். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். அவ்வளவே. சில்வர் ஓக் மரந்தோறும் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் இம்மலையில், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவா ஆளில்லாமற் போயிற்று?

பழி சுமப்போர் பேறுபெற்றோர் என்று மலைப்பொழிவைக் காட்டுவோர் உண்டு. அப்பேறு பழி சுமப்பவருக்கு ஆண்டவர் அளித்தது. பக்கத்தில் நிற்பவர் எடுத்து விநியோகிக்க அளித்ததன்று.

நம் காலத்துக்கு வருவோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடியினரின் நிலத்துக்காகவும் விசாரணையின்றிச் சிறையில் வாடிய அவர்தம் இளைஞர்களுக்காகவும் உழைத்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானபோது அவருக்கு வயது 83. தம் கணினியில் இருந்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் தம்முடையவை அல்ல என்று கைதாகும் முன்னரே வெளிப்படையாகச் சொன்னார், மௌனம் காக்கவில்லை. பார்க்கின்சன் நோயால் குவளையைப் பிடிக்க இயலாமல் உறிஞ்சுகுழல் கேட்ட அவருடைய மனு வாரக்கணக்கில் காத்திருந்தது. வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, பிணை கிடைக்காமலேயே, 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். அந்த ஆவணங்கள் வெளியாரால் அவரது கணினிக்குள் புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனமான ஆர்செனல் 2022 டிசம்பரில் அறிவித்தது.

அவருக்காகக் குரல் எழுப்பியவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், சாமியாருக்கு எதற்கு இந்த வேலை என்ற முணுமுணுப்பு நம் ஆலய வாசல்களிலேதான் எழுந்தது. இறந்தபின் மெழுகுவர்த்தி ஏற்ற நமக்கு நேரம் கிடைத்தது.

அடுத்த வெள்ளி சிலுவைப்பாதைக்கு அந்தப் பெண் வரவில்லை. மிளகு காயும் களத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். மூட்டைக் கணக்கு நோட்டை இன்றுவரை எவரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.