கப்பலுக்கு எப்போது சீட்டு எடுப்பது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது முதல், எப்போது பதிவு செய்தால் மலிவு என்பது எங்கள் ஊத்துக்கோட்டைத் தேநீர்க்கடையில் அவ்வப்போது எழும் வாதம். ஏறப் போகிறவர் எவருமில்லை; வாதத்திற்குக் கட்டணமில்லையன்றோ!

கணக்கு எளிது. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் காலி அறையின் விலை பூஜ்யம். ஆகவே முன்கூட்டிப் பணம் கட்டுவோருக்குச் சலுகை தருவர். அறைகள் மிஞ்சினால் கடைசி வாரங்களிலும் விலையைக் குறைப்பர். விடுமுறைக் காலத்திலோ மிஞ்சுவது அரிது. நாள் குறித்தவர் முந்துவதும், எந்நாளும் கிளம்பக் கூடியவர் காத்திருப்பதும் அறிவுடைமை என்பேன்.

இரண்டும் இயலாதவர்? என் தந்தையார் கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடுப்பு உண்டா என்பது முந்தின நாள் மாலைதான் தெரியும். இரயிலிலோ 60 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் என் தலையில். சென்ற பொங்கலுக்கு அத்தை ஊரான மதுரைக்குத் தனியார் பேருந்தில் இருமடங்கு கொடுத்தோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. சில்லறையை இருமுறை எண்ணினார்.

2016-இல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் பத்து விழுக்காடு இடம் நிரம்புந்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறி, ஒன்றரை மடங்கு வரை செல்லும் முறை வந்தது. பிந்தி வருபவன் சோம்பேறி என்று அக்கணக்கு எண்ணுகிறது போலும்!

உல்லாசக் கப்பல் விரும்பியபடி விலை வைக்கட்டும். ஊர் திரும்பும் வண்டிகளில் மட்டும், கடைசி நாளில் வருபவனுக்கும் அதே விலையில் சில இடங்கள் ஒதுக்க வேண்டும். வரும் பொங்கலுக்கும் தந்தையாரின் விடுப்பு உறுதியாகவில்லை.